நாலு 'க'வும் ஒரே 'க' இல்லை

ஹிந்தி படிக்கப் புதிதாக வரும் குழந்தைகளின் நோட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கவர்க்கத்தின், அதாவது க வரிசையின், முதல் நான்கு எழுத்துகளும் முத்து முத்தாக எழுதியிருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் குட்டியாகத் தமிழில் க, க, க, க. அடுத்த வரியில் ச, ச, ஜ, ஜ. வீட்டில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. அந்த அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பென்சில் எழுத்து அங்கே இருக்கிறவரை குழந்தையின் கண் கீழே இருக்கும் ஹிந்தி எழுத்துக்கு இறங்காது. காதும் நான்கு ஒலிகளைப் பிரிக்காது. அதனால் முதல் நாள் ரப்பரைக் கையில் கொடுத்து, "எல்லாத்தையும் அழிச்சிடு கண்ணா" என்றுதான் ஆரம்பிப்பேன்.

நான் சாயங்கால நேரத்தில் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறேன். காந்தியடிகளின் முயற்சியால் 1918-ல் சென்னையில் தொடங்கிய தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் பரிச்சய், ப்ராத்மிக் பரீட்சைகளுக்குப் படிக்கிற குழந்தைகள்தான் அதிகம். (அங்கே முதல் ஆசிரியராக இருந்தவர் அவருடைய மகன் தேவதாஸ் காந்தி.) ஹிந்தி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை இங்கே எடுக்கப் போவதில்லை. தேடி வந்து உட்கார்ந்த குழந்தைக்கு ஒலியைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். எழுதித் தேறிவிடலாம் என்ற அவசரத்தில் வாய் பின்தங்கிவிடுகிறது. பிறகு எத்தனை பரீட்சை பாஸ் பண்ணினாலும், நாலு பேர் முன்னால் ஹிந்தியில் ஒரு வாக்கியம் சொல்லக் கூச்சம் வந்துவிடுகிறது.

சுலோகப் புத்தகங்களில் க², க³, க⁴ என்று எழுத்தின் பக்கத்தில் எண் போட்டிருப்பார்களே, அந்த முறையைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். எண் 2, 3, 4 என்றால் வர்க்கத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் எழுத்து. எண் இல்லாவிட்டால் முதல் எழுத்து. இது பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகளிடம் எண் பேச்சே வேண்டாம்.

ஹிந்தியில் மெய்யெழுத்து 33. அதில் முதல் 25, ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து. பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் தமிழ்க் குழந்தைக்கு அந்த வரிசை ஏற்கெனவே பாதி தெரியும். க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்று நாம் சொல்கிற அதே ஒழுங்கு, உள்நாக்குப் பக்கம் தொடங்கி உதட்டில் முடிகிற அதே பயணம். ஒவ்வொரு வரிசையிலும் முதலும் கடைசியும் நம்மிடம் இருக்கிறது, நடுவில் இருக்கிற மூன்றுக்குத்தான் தனி எழுத்து இல்லை. இதை ஒரு வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டினால் குழந்தையின் முகத்தில் ஒரு தெளிவு வரும். 25 புதிய எழுத்து என்ற பயம் அங்கேயே பாதி குறைந்துவிடும்.

அந்த மூன்றில், வரிசையின் மூன்றாம் எழுத்துக்குத் தமிழில் வடிவம்தான் இல்லை, ஒலி இருக்கிறது. குடிக்கிற பாலையும் விளையாடுகிற பாலையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம், எந்தக் குழந்தையும் குழம்புவதில்லை. "பால் குடிச்சிட்டு பால் விளையாடப் போறேன்" என்று சொல்லச் சொல்வேன். சொல்லும்போதே அவர்களுக்குப் புரிந்துவிடும், முதல் பால் ப, இரண்டாவது ப³. ஹிந்தியில் அந்த இரண்டாவது பால் தலைமுடி.

பிரச்சினை, சொல்லின் முதலில் வரும்போதுதான். தமிழ்ச் சொல் க³-வில் தொடங்காது. அதனால் பசுவைக் குறிக்கும் கா³ய், குழந்தை வாயில் நம்முடைய காய் ஆகிவிடுகிறது. இதற்கு நான் வைத்திருக்கும் ஐந்து சொற்கள்: தங்கம், மஞ்சள், வண்டி, பந்து, தம்பி. மெல்லினத்துக்குப் பின்னால் வருகிற க, ச, ட, த, ப ஐந்தும் தானாகவே மூன்றாம் எழுத்தாக ஒலிக்கிறது. "தங்கம்" என்று நிறுத்திச் சொல்லச் சொல்லி, "தங்"கை மனதுக்குள் சொல்லிக்கொண்டு மிச்சத்தை மட்டும் வெளியில் விடச் சொன்னால் க³ம் வந்து நிற்கும். அதிலிருந்து கா³ய்க்குப் போக அதிக நேரம் ஆகாது.

தொண்டையில் கை வைத்து அதிர்வைப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல வழிதான். ஆனால் எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்லித் தர வேண்டும். 'அ' சேர்ந்தால் எந்த எழுத்துக்கும் தொண்டை அதிரத்தான் செய்யும், குழந்தை "ரெண்டுக்கும் அதிருதே மிஸ்" என்று சொல்லும். உதடு மூடியிருக்கும்போதே அதிர்கிறதா என்று கேளுங்கள். ப-வுக்கு உதடு திறக்கிறவரை சத்தமே இருக்காது. ப³-வுக்கு மூடிய உதட்டுக்குப் பின்னாலேயே ஒரு ரீங்காரம் தொடங்கியிருக்கும். இதைப் பிடித்துவிட்ட குழந்தை மற்ற நான்கு வரிசைகளையும் தானே கண்டுபிடிக்கும்.

சவர்க்கத்துக்கு மட்டும் கொஞ்சம் தனி கவனம் வேண்டும். நமக்குச் சொல்லின் முதலில் வரும் ச பெரும்பாலும் ஸ-வாகத்தான் வருகிறது. ஹிந்தியில் நான்கு என்பதற்கு உள்ள சார், பள்ளிக்கூடத்து "சார்" ஆகிவிடும். "பச்சை" என்று சொல்லச் சொல்லி அந்த அழுத்தத்தோடு சார் சொல்ல வையுங்கள்.

இனி உண்மையிலேயே புதியவை. இரண்டாம் எழுத்தும் நான்காம் எழுத்தும். காற்றோடு வருகிறவை. மெல்லிய தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு ப சொன்னால் தாள் சும்மா இருக்கும். ப² சொன்னால் துள்ளும். பல் என்றால் கணம், ப²ல் என்றால் பழம், தாள் துள்ளினால்தான் பழம். எப்போதும் பவர்க்கத்தில்தான் இந்தப் பயிற்சியைத் தொடங்குவேன், உதட்டில் பிறக்கும் ஒலிக்குத்தான் தாள் நன்றாக ஆடும். க²-வுக்குத் தாள் அவ்வளவு அசையாது, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து வெதுவெதுப்பைப் பார்க்க வேண்டும்.

இதில் இரண்டு வழியில் பிசகும். ஒன்று, காற்றுக்குப் பதிலாக அழுத்தத்தைக் கூட்டுவது. சாப்பாட்டைக் குறிக்கும் கா²னா, "க்கானா" ஆகிவிடும். இன்னொன்று, ஹ-வைத் தனியாகப் பிரித்துவிடுவது. ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, பா⁴லூ என்ற சொல்லை "ப³-ஹா-லூ" என்று மூன்று துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பா⁴லூ கரடி, பா³லூ மணல். அவள் வாயில் இரண்டுமே வரவில்லை. அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கிளப்ஹவுஸ் உண்டு. அதை வேகமாகச் சொல்லச் சொன்னேன். பிறகு "கிள"வை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும். "ப்⁴வுஸ்" மாதிரி ஒன்று வந்தது. அதையே இன்னும் வேகமாக, இன்னும் குட்டியாக. அப்படியே நழுவி பா⁴ வந்தது. வந்தவுடன் அவளுக்கே தெரிந்துவிட்டது, நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோட்டின் ஓரத்தில் ஒரு கரடியும் பக்கத்தில் ஒரு மணல் குவியலும் வரைந்து, நான் சொல்லச் சொல்ல எதைத் தொட வேண்டும் என்று அவளே விளையாட்டு வைத்தாள்.

இந்த மாதிரிச் சொற்கள் குழந்தைகளின் பேச்சிலேயே நிறைய இருக்கின்றன. ஷட்டில் விளையாடுகிற பிள்ளைக்கு "பேக்ஹேண்ட்", க² கிடைத்துவிடும். "லைட்ஹவுஸ்" ட². "ரெட்ஹில்ஸ்" ட⁴. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், நடுவில் நின்றால் பலன் இல்லை. தவர்க்கத்துக்கு இப்படித் தயாராகச் சொல் கிடைக்கவில்லை. ட² வந்த பிறகு நாக்கை மேலண்ணத்திலிருந்து பல்லுக்குக் கொண்டுவந்தால் த² ஆகிவிடும். ட-வும் த-வும் வேறு என்பது தமிழ்க் குழந்தைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே. கடைசியில் வரும் காற்றெழுத்துதான் எல்லாவற்றிலும் கடினம். ஸாத் ஏழு, ஸாத்² கூட. அதற்கு அவசரப்படாதீர்கள். காது முதலில் பிரிக்கட்டும், வாய் பின்னாலேயே வரும்.

காதும் வாயும் இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் பென்சில். எழுதும் வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு. பாடமாகச் சொல்ல வர்க்க வரிசை. எழுத, வடிவத்தால் உறவானவை. வ எழுதத் தெரிந்தால் அதன் வயிற்றில் ஒரு சாய்கோடு போட்டு ப³, வலது பக்கம் ஒரு வால் வைத்து க. ப எழுதினால் ப² பக்கத்திலேயே இருக்கிறது.

மேல்கோட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எழுத்தை முழுக்க எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் போட வேண்டிய கோடு அது. குழந்தைகள் முதலில் ஸ்கேல் வைத்து வரி முழுக்க ஒரே கோடாக இழுத்துவிட்டு, அதில் எழுத்துகளைத் தொங்கவிடுகிறார்கள். பார்க்க நேராக இருக்கும், ஆனால் த², த⁴, ப⁴ மூன்றும் போச்சு. இந்த மூன்றுக்கும் இடது ஓரத்தில் சின்னச் சுழி உண்டு, அந்தச் சுழிக்கு மேலே கோடு போகக் கூடாது. கோடு ஓடிவிட்டால் த⁴, க⁴ மாதிரி ஆகிவிடும், ப⁴, ம ஆகிவிடும். கரடி மாலூ ஆகிவிடும். டிக்டேஷனில் குழந்தை காதால் சரியாகக் கேட்டு, கையால் தப்பாக எழுதுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதைக் கவனிக்காமல் "உச்சரிப்பு தெரியவில்லை" என்று மார்க் குறைப்பது அந்தக் குழந்தைக்குச் செய்கிற அநியாயம். க²-வையும் பாருங்கள். பழைய அச்சில் ர-வும் வ-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கும். இப்போதைய தரப்படுத்திய வடிவத்தில் ர-வின் கால் வ-வோடு சேர்ந்திருக்கும். சேர்த்து எழுதவே பழக்குங்கள்.

எழுத்து தெரிந்துவிட்டது, ஒலியும் வந்துவிட்டது, இருந்தும் படிக்கும்போது தமிழ் வாடை அடிக்கிறதே என்றால் காரணம் புள்ளி. நமக்கு க வேறு, க் வேறு. ஹிந்தியில் க-ம-ல என்று எழுதிக் கமல் என்று படிக்கிறார்கள். நம் பிள்ளை நியாயமாக "கமல" என்று படிக்கும். சொல்லின் கடைசி அகரம் ஒலிக்காது என்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். நடுவில் விழுவதுதான் சிரமம். கமல் என்பதில் ம முழுசாக ஒலிக்கிறது, அறையைக் குறிக்கும் க-ம-ரா-வில் அதே ம, ம் ஆகிக் கம்ரா. மூன்றாவது எழுத்துக்கு நெடில் வந்தால் இரண்டாவதன் அகரம் விழும் என்று விதியாகச் சொல்லலாம்தான். நான் கைதட்டச் சொல்வேன். க-மல், இரண்டு தட்டு. கம்-ரா, இரண்டு தட்டு. ஜா-ன-வ-ர, ஜான்-வர், இதுவும் இரண்டே தட்டு. சில பெற்றோர் உதவியாக இருக்கட்டும் என்று ஹிந்தி எழுத்தின் மேல் தமிழ்ப் புள்ளி வைத்துக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஹிந்தியில் மேலே வைக்கும் புள்ளிக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்தப் புள்ளி மெல்லினம். அடுத்து என்ன எழுத்து வருகிறதோ அதன் இன மெல்லினமாக ஒலிக்கும். க³ங்கா³, பஞ்ஜா, ட³ண்டா³, ஹிந்தீ³, லம்பா³. இன எழுத்து என்று நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் படிக்கிற அதே ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப. ஒரு முறை காட்டினால் போதும். அதே போல, ட³-வின் கீழே ஒரு புள்ளி வைத்த எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். "வீடு" என்று சொல்லும்போது நாக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்குகிறதே, அந்த ட-தான் அது. கா³டீ³, ஸட³க் என்று எழுதிக் காட்டும்போது எண் போடுவதா வேண்டாமா என்று எனக்கே தயக்கம் வரும், ஏனென்றால் சும்மா தமிழாகவே "காடி" என்பதில் உள்ள டி-யைப் படித்தால் அந்த ஒலி சரியாக வந்துவிடுகிறது.

கூட்டெழுத்துகளை முதல் மாதங்களில் தொடாதீர்கள். ஞானத்தை ஹிந்தியில் "க்³யான்" என்று சொல்வார்கள் என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

ஹிந்தி தெரியாத அம்மா அப்பா வீட்டில் என்ன செய்யலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நீங்கள் சரியாக உச்சரிக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தையைச் சொல்லச் சொல்லி நீங்கள் ஊகியுங்கள். கன்னம்: கா³ல். காலம்: கால். தோல்: கா²ல். மூன்று படம் வரைந்து நடுவில் வையுங்கள். குழந்தை ஒன்றைச் சொல்லட்டும், உங்கள் காதுக்கு எது பட்டதோ அந்தப் படத்தைத் தொடுங்கள். நீங்கள் தப்பாகத் தொட்டால் குழந்தை விடாது, இன்னும் தெளிவாக, இன்னும் காற்றோடு, உங்களுக்குப் புரிகிறவரை திரும்பத் திரும்பச் சொல்லும். அது முடிந்தால் கைதட்டலுக்குத் தாலீ, தட்டுக்குத் தா²லீ. பிறகு தானத்துக்குத் தா³ன், நெல்லுக்குத் தா⁴ன்.