கச்சான் எழும்புது எண்டாங்கள், எனக்கு வாயூறிச்சுது

முதலே சொல்லிப்போடுறன், நான் திருகோணமலை ஆள் இல்ல. வவுனியா. கலியாணம் கட்டி இஞ்ச வந்து 12 வருஷம். எங்கட பக்கம் மீன்பிடி எண்டா குளக்கட்டில குந்தியிருந்து மண்புழுவைக் கொழுவிப் போடுறது, ஜப்பான் மீன் வரும், அதிர்ஷ்டம் இருந்தா விரால் வரும், அவ்வளவுதான். கடல் எண்டது எனக்குப் பின்னேரத்தில மகளோட போய்க் கால் நனைக்கிற இடம்.

இப்பிடிச் சிவனே எண்டு இருந்த மனுசனை யூடியூப் கெடுத்துப்போட்டுது. ராவில நித்திரை வராம ஒரு வீடியோ பாத்தன், எங்கயோ வெளிநாட்டில ஒருத்தன் கயாக்கில, அதுதான் துடுப்புப் போடுற ஒடுக்கமான சின்னப் படகில, தனிய நடுக்கடலுக்குப் போய், முதுகுக்குப் பின்னால நாலு தூண்டில் றொட் பழைய டீவி அன்ரனா மாதிரி நிக்க, அவன்ட கயாக்கில பாதி நீளத்துக்கு ஒரு மீனை மடியில தூக்கி வச்சுக்கொண்டு சிரிக்கிறான். அதுக்குப் பிறகு ஒரு மாசம் வேற ஒண்டும் பாக்கேல்ல. மனுசி கேட்டா கந்தோர் வேலை எண்டு சொன்னன்.

உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் பழைய கயாக் ஒண்டை விக்கிறதாக் கேள்விப்பட்டுப் போய்ப் பாத்தன். 11 அடி, செம்மஞ்சள் நிறம், மேல ஏறிக் குந்துற சாதி. காசு குடுத்தாச்சு, கொண்டு போறது எப்பிடி? ஓட்டோக்காரத் தம்பி ஒருக்காச் சுத்திப் பாத்திட்டுச் சொன்னான், "அண்ணே, இதுக்க நான் சவப்பெட்டியே ஏத்தியிருக்கன், இது ஏறாதா?" ஏறிச்சுதுதான், கூரையில. முன்னுக்கு மூண்டடி பின்னுக்கு மூண்டடி நீட்டிக்கொண்டு நிலாவெளி ரோட்டால வரேக்க பஸ்ஸில இருந்தெல்லாம் எட்டிப் பாத்தாங்கள். வீட்டு வாசல்ல இறக்கினதும் மகள் கேட்டது, "அப்பா, கரட்டா?" அண்டையில இருந்து அதுக்குப் பேர் கரட் தான். மனுசி ஒண்டும் சொல்லேல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்தது.

முதல் நாள் வைகாசி மாசத்து ஒரு சனிக்கிழமை, திருக்கடலூர்ப் பக்கம். கடல் எங்கட குளத்தை விட அமைதியாக் கிடந்துது. பக்கத்தில கரைவலை இழுத்துக்கொண்டிருந்தாங்கள், ஒரு முப்பது பேர் இருக்கும். நான் புது றொட், புது றீல், லைஃப் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு கரட்டைத் தள்ளி ஏறினன். முழங்காலளவு தண்ணிதான். சின்ன அலை ஒண்டு, உண்மையாச் சின்னது, பக்கவாட்டில வந்து தட்டிச்சுது. ஆள் கீழ, கரட் மேல. கரைவலைக்காரர் பாட்டை நிப்பாட்டினாங்கள். வலை இழுக்கிறவன் நடுவில பாட்டை நிப்பாட்டுறது லேசில நடக்கிற காரியம் இல்ல, அந்தப் பெருமை எனக்கு இருக்கு.

எழும்பிக் கரையைப் பாத்தா, நான் வச்சிட்டுப் போன பாண் பையுக்க ஒரு மான் தலையை ஓட்டிக்கொண்டு நிக்குது. வெளியூர்க்காரருக்குச் சொல்றன், இஞ்ச கோட்டைப் பக்கத்துப் புள்ளிமானெல்லாம் ரவுணுக்க ஆடு மாடு மாதிரித் திரியும், காட்டு மிருகம் எண்ட வெக்கம் கொஞ்சமும் இல்ல. முழுப் பாணையும் திண்டிட்டுப் பையையும் சப்பப் பாத்துது, நான் ஓடிப்போய்ப் பறிச்சன். அண்டைக்கு நான் பிடிச்சது அந்தப் பை மட்டும்தான்.

பிறகு கரையில விளையாடுற பொடியள்தான் எனக்கு ஏறப் பழக்கினது. கவிண்டா முதல்ல கரட்டை நிமித்தோணும், பிறகு பக்கத்தால காலை நல்லா அடிச்சு உடம்பைத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டுவந்து நெஞ்சு குறுக்க விழப் பாயோணும், வயித்தில அப்பிடியே கிடந்து மூச்சு விட்டிட்டு மெல்லமா இடுப்பைத் திருப்பி இருக்கோணும். காலை முதல்ல போட்டா இந்தப் பக்கத்தால ஏறி அந்தப் பக்கத்தால இறங்கவேண்டியதுதான். துடுப்பையும் றொட்டையும் கயித்தால கட்டி வைக்கோணும் எண்டதை ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, ஒரு றொட் போன பிறகு தானா விளங்கிச்சுது.

இனிப் பெரியவர் கதைக்கு வாறன். எழுபது வயசு இருக்கும், எல்லாரும் பெரியவர் எண்டுதான் கூப்பிடுறது. சின்னப் பைபர் போட் ஒண்டு, றொட் இல்ல, றீல் இல்ல, ஒரு பிளாஸ்ரிக் போத்தில்ல சுத்தின தங்கூசி நூலும் ஈயமும் தூண்டிலும் மட்டும். என்ர கரட்டை முதல் முதலாப் பக்கத்தில பாத்திட்டு, அடியில இருக்கிற ஓட்டையால தண்ணி எட்டிப் பாக்கிறதைக் கண்டு, "தம்பி, ஆரோ உனக்கு ஓட்டைப் போட்டை வித்துப்போட்டாங்கள்" எண்டார் மெய்யான கவலையோட. ஐயா, மேல விழுற தண்ணி வழிஞ்சு போகத்தான் அந்த ஓட்டை, உள்ளுக்குப் போகாது எண்டு விளங்கப்படுத்தினன். கேட்டார். தலையாட்டினார். பிறகு கரையில இருந்தவனைப் பாத்து, "பாவம், அவங்கள் சொன்னதை நம்பிட்டான்" எண்டார்.

ஆனா அந்த மனுசன்ர கையைப் பாக்கோணும். வலது ஆள்காட்டி விரல்ல முதல் மடிப்பில நூல் ஓடி ஓடி ஒரு கோடு விழுந்திருக்கு, ஆறாத காயம் இல்ல, காய்ச்சுப்போன தடம். தங்கூசி அந்தக் கோட்டுக்க போய்க் குந்தும். கண்ணை மூடின மாதிரி இருப்பார், வெத்திலை மெல்லுவார், திடீரெண்டு மெல்லுறது நிக்கும். "விளைமீன்" எண்டுவார். ஒரு வெட்டு, இழுப்பு, மேல வந்தா விளைமீன்தான். இன்னொருக்கா "ம்ச், பேத்தை" எண்டு சொல்லி இழுக்காம நூலைத் தளத்தி விட்டார். நான் பக்கத்தில கரட்டில மிதந்துகொண்டு பரீட்சை மண்டபத்தில அடுத்தவன்ர தாளை எட்டிப் பாக்கிறவன் மாதிரிப் பாத்துக்கொண்டிருந்தன்.

எனக்கு முதல் வந்தது அந்தப் பேத்தைதான். மேல எடுத்ததும் பந்து மாதிரி ஊதி நிண்டுது, அதுக்கு வாயில கிளிச் சொண்டு மாதிரி பல்லு, தங்கூசியைக் கத்தரி மாதிரி வெட்டும், அதுட ஈரல்ல இருக்கிற நஞ்சு சமைச்சாலும் போகாது. விட்டிட்டன். ரெண்டாவதும் பேத்தை. மூண்டாவது என்ர தொப்பி.

அந்த ஆனி மாசத்தில ஒருநாள் பெரியவர் தூரத்தில இருந்து கையை ஆட்டிக் கத்தினார், "தம்பீ, கச்சான் எழும்புது, கரைக்குப் போ!" எனக்கு வயித்துக்க பசி. கச்சான் எண்டா கோயில் திருவிழாவில மணலுக்க வறுத்துப் பேப்பர்ச் சுருளுக்க தருவாங்களே நிலக்கடலை, மண்டைக்குள்ள வந்தது அதுதான். அப்பா தோட்டத்தில கச்சான் காத்தெண்டு சொல்லி எத்தனை தரம் கேட்டிருப்பன், அந்த நேரத்துக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்ல. நானும் கையை ஆட்டினன். கொஞ்ச நேரத்தில முதுகில சூடா ஒரு காத்து. இதில இருக்கிற கள்ளம் என்னெண்டா, கச்சான் மேற்கால கரையில இருந்து கடலுக்கு அடிக்கிறது, அதால கரையோரம் அலையே இருக்காது, பாக்கத் தட்டையா நல்ல பிள்ளை மாதிரித் தெரியும், ஆனா இலகுவான சாமான் எதையும் கிழக்கால தள்ளிக்கொண்டு போகும். கரட் நல்ல இலகு. திரும்பிப் பாத்தா கோணேசர் மலை வரவரச் சின்னதாப் போகுது. போக இருபது நிமிஷம் எடுத்தது, முக்கால் மணித்தியாலம் வலிச்சும் பாதி தூரம் வரேல்ல. கடைசியாப் பெரியவர் வந்து கயிறு போட்டார். பசுவுக்குப் பின்னால போற கண்டு மாதிரி கரைக்கு வந்தன், கரைவலைக்காரர் அண்டைக்கும் அங்கதான் நிண்டவங்கள். ஒரு வசவும் சொல்லாமப் பெரியவர் கேட்டது ஒண்டுதான், "கச்சான் காணுமா தம்பி?"

அதுக்குப் பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. விடிய முன்னம் போறது, காத்துக்கு முன்னம் வாறது. இடம் பிடிக்கிற வித்தையும் அவரிட்டத்தான் பழகினது: கரையில முன்னுக்கு ஒரு பனை, பின்னுக்கு ஒரு தண்ணி டேங்க், ரெண்டும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு மறைய வேணும், மற்றப் பக்கத்தாலயும் அப்பிடி ஒரு சோடி, ரெண்டு கோடும் வெட்டுற இடத்தில கீழ கல்லுப்பார், அதுதான் கடலடிப் பாறை, இருக்கும். போன் பற்றரியும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். நானும் எனக்கெண்டு ஒரு நல்ல இடம் கண்டுபிடிச்சுக் குறிச்சு வச்சன், ஒரு தென்னைக்குப் பின்னால ஒரு சிவப்பு லொறி. அடுத்த நாள் போனா லொறியைக் காணேல்ல.

நடுவில கனடாவில இருந்து வந்த மச்சான், புறாமலைத் தீவுக்குப் போய்த் தூண்டில் போடுவம், அங்க மீன் குவிஞ்சு கிடக்கும் எண்டு நிண்டார். குவிஞ்சு கிடக்கிறது ஏனெண்டா 2003 இல அதைத் தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்கள், அங்க பிடிக்க ஏலாது. மச்சானுக்கு அது பிடிக்கேல்ல, மீனுக்குப் பிடிச்சிருக்கும்.

மழைக்காலம் வாடைக்குக் கடல் பொங்க, கரட் மாமரத்துக்குக் கீழ கவிண்டு கிடந்துது, நான் சாப்பாட்டு மேசையில முடிச்சுப் பழகினன். இறுக்க முன்னம் எச்சில் தொட்டு நனைக்கோணும், இல்லாட்டிச் சூட்டில தங்கூசி பலம் போய்டும், இதைக்கூட நான் இவ்வளவு காலமும் தெரியாம இருந்திருக்கன். மனுசி கிண்டலா ஒரு ஊசியும் கொண்டு வந்து வச்சா, சட்டைக்குப் பொத்தானும் தைச்சு விடச் சொல்லி.

இந்தச் சித்திரையில தான் அது நடந்துது. காலமை குருவிக் கூட்டம் கடல்ல விழுந்து விழுந்து எழும்புறதைக் கண்டன். மேல குருவி, நடுவில சாளை, கீழ பெரிசு ஏதோ துரத்துது எண்டு அர்த்தம். நடுவுக்க போகாத, கலைஞ்சிடும், ஓரத்தால இழு எண்டு பெரியவர் முந்திச் சொன்னது. ஓரத்தால துடுப்புப் போட்டன். றீல் கத்திச்சுது பாருங்கோ, என்ர வாழ்க்கையில அப்பிடி ஒரு சத்தம் கேட்டதில்ல. கரட் தானா நகருது, நான் அதில இருக்கிறன், அவ்வளவுதான் என்ர பங்கு. "இறுக்காத, ஓட விடு!" எண்டு பெரியவர் போட்டில இருந்து கத்துறார், உதவிக்கு வரேல்ல, வெத்திலை மடிக்கிறார். பத்து நிமிஷம் இருக்கும். பாரை. ரெண்டு கிலோ சொச்சம். கால் ரெண்டுக்கும் நடுவில போட்டு அமத்திக்கொண்டு நான் என்ன கத்தினன் எண்டு எனக்கே தெரியாது, பெரியவர் சொல்றார் நான் அம்மாவைக் கூப்பிட்டனாம்.

சந்தோசத்தில அவருக்குப் பக்கத்தில போய் என்ர றொட்டைக் குடுத்தன், ஐயா ஒருக்காப் போட்டுப் பாருங்கோ எண்டு. வாங்கினார். தடவிப் பாத்தார். றீலைச் சுத்திப் பாத்தார். கணவாய்த் துண்டைக் கொழுவி ஈயத்தைக் கீழ விட்டார், விட்டிட்டு றொட்டை மெல்லமாப் போட்டுக்குள்ள படுக்க வச்சிட்டு, நுனியில இருந்து நூலை மட்டும் இழுத்து அந்த விரல் கோட்டுக்க வச்சார். வெத்திலை மெல்லுறது நிண்டுது. கால் மணித்தியாலத்தில மூண்டு விளைமீன்.

றொட்டைத் துடைச்சுத் திருப்பித் தந்தார். "நல்ல நூல் தம்பி. நடுவில இந்தத் தடி மட்டும் என்னத்துக்கு?"