எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும்

பாலக்கோடு பக்கம் எங்கள் நிலத்தில் ஒருமுறை அறுவடை முடிந்த சோளத்தட்டை மாட்டுக்குப் போட்டது போக மீதியை அப்படியே மடக்கி உழுதுவிட்டோம். அடுத்து விதைத்த ராகி முளைத்து, ஒரு சாண் வளர்வதற்குள் மஞ்சளாகிப் போனது. தட்டை மக்கச் செய்யும் மண்ணின் நுண்ணுயிர்கள், தங்கள் உடலைக் கட்டுவதற்காகப் பயிருக்கு உரிய தழைச்சத்தையும் (நைட்ரஜன்) எடுத்துக்கொண்டுவிட்டன என்பதை அப்பாதான் விளக்கினார். கடலில் கொட்டும் எண்ணெயைப் பற்றி நான் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த மஞ்சள் ராகிதான் என் நினைவுக்கு வருகிறது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கனரக எரிபொருள் எண்ணெய் கடலில் கலந்தது. அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி, மற்ற தன்னார்வலர்களோடு சேர்ந்து கரைப்பாறைகளுக்கு இடையில் நின்று அந்தக் கரிய குழம்பை வாளியில் அள்ளினான். இரவு தொலைபேசியில், “அக்கா, எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறதாமே, அதைக் கொண்டுவந்து விட்டால் என்ன?” என்று கேட்டான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

கொண்டுவர வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அவை அங்கேயே இருக்கின்றன. கடலடிப் பிளவுகளின் வழியே எண்ணெய் இயற்கையாகவே காலங்காலமாகக் கசிந்து வருகிறது. அது மட்டுமன்றி, வெப்பக்கடல்களின் மேற்பரப்பில் ஏராளமாக மிதக்கும் நுண்ணிய நீலப்பச்சைப் பாசிகளும் தங்கள் உடலுக்குள் எண்ணெயை ஒத்த ஹைட்ரோகார்பன்களை, அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருள்களை, உருவாக்குகின்றன. ஆகவே கப்பல்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, இந்த உணவை நம்பி வாழும் உயிர்கள் கடலில் சிறு எண்ணிக்கையில் காத்திருக்கின்றன. வடகடலின் போர்க்கும் தீவின் பெயரைத் தாங்கி 1998-இல் அறிவியலுக்கு அறிமுகமான அல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ் என்ற பாக்டீரியா அவற்றில் ஒன்று. சர்க்கரை போன்ற சாதாரண உணவை அது பெரிதும் நாடுவதில்லை. எண்ணெய் கொட்டிய இடத்திலோ, சில நாள்களில் பெருகி மற்றவற்றை விஞ்சிவிடுகிறது.

அது வேலை செய்யும் விதம் எனக்குப் பெருவியப்பைத் தருகிறது. முதலில் சோப்பைப் போன்ற ஒரு பொருளைச் சுரந்து எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து, அவற்றின்மேல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு தன் நொதியைக் கொண்டு ஹைட்ரோகார்பன் சங்கிலியின் நுனியில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகுகிறது. அந்த ஒரு செருகலில் மந்தமான எண்ணெய் ஆல்கஹாலாகி, படிப்படியாகக் கொழுப்பு அமிலமாக மாறுகிறது. அதன்பின் நம் உடல் கடலை எண்ணெயைச் செரிக்கும் அதே வழியில் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, இறுதியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் முடிகிறது. நேர்ச்சங்கிலிகளை விடக் கடினமான வளைய மூலக்கூறுகளுக்கு சைக்ளோகிளாஸ்டிகஸ் போன்ற வேறு வகைகள் வரவேண்டும். தாரைப் போன்ற மிகக் கனமான பகுதியை யாருமே எளிதில் தொடுவதில்லை. எண்ணூரில் சிந்தியது அந்தக் கனமான வகை என்பதால், வாளியோடு நின்ற பிள்ளைகளின் உழைப்பு வீணாகவில்லை.

வங்கக்கடலின் மேற்பரப்பு நீர் சென்னைக்கு அருகே ஏறக்குறைய 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த வெப்பத்தில் எண்ணெய் இளகுகிறது, இலேசான பகுதி விரைவாக ஆவியாகிறது, நொதிகளும் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. இதைப் படித்துவிட்டு, வெப்பக்கடல் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணெய் என்பது கிட்டத்தட்ட முழுவதும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இல்லையென்றே சொல்லலாம். ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் வங்கக்கடலின் மேல் ஓர் அடுக்காகப் படர்ந்து, அடியிலுள்ள சத்து மேலே வருவதைத் தடுப்பதால், மேற்பரப்பில் சத்து குறைவு. பசித்த நுண்ணுயிரின் முன்னால் மலைபோல் உணவு கிடந்தும், உடல் கட்ட ஒரு பிடிச் சத்து இல்லாத நிலை அது. எங்கள் சோளத்தட்டு வயலின் கதையே கடலில் நடக்கிறது.

இதை அலாஸ்காவில் நேரடியாகச் சோதித்தார்கள். 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து ஏறத்தாழ 37,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியபோது, யூரியா கலந்த, எண்ணெயில் ஒட்டக்கூடிய உரத்தைக் கரைக்கற்களின்மேல் தெளித்தார்கள். இரண்டு மூன்று வாரங்களில் உரமிட்ட கற்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளுத்தன. புதிதாக எந்த பாக்டீரியாவையும் விட வேண்டியிருக்கவில்லை. ஆனந்த மோகன் சக்ரவர்த்தி ஆய்வகத்தில் உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியா 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று காப்புரிமை பெற்றது. ஆனால் கடலில் அது விடப்படவே இல்லை.

இதையெல்லாம் சொன்னபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “மேல இருக்கிறது சரிம்மா, உள்ள புதைஞ்சது? எருக்குழியைக் கிளறாம விட்டா அடியில மக்காதே.” அவர் கேட்டது சரி. முதல் ஆக்சிஜன் அணு கிடைக்காத இடத்தில் இந்த வேலை மிகவும் மெதுவாகவே நடக்கும். அலாஸ்காவில் 2001-இல் கரையைத் தோண்டியபோது, கற்களுக்கு அடியில் எண்ணெய் அப்படியே இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் மீண்டும் எண்ணெய் புகுந்து அலையாத்தி மரங்களின்மேல் படிந்தது. அங்குள்ள சேற்றில் காற்றுப் புகாது, வேர்களை அறுக்காமல் அதைக் கிளறவும் முடியாது.