பாலத்துக்குக் கீழேயும் ஊர் இருக்கிறது

கோவை அவிநாசி சாலை மேம்பாலம் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், விமான நிலையத்துக்கு ஓடுகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. சரி, கீழே?

சிக்னல்களை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்தது வண்டிகளுக்கு நல்லது, ஆனால் நடக்கிறவருக்கு அது வண்டி நிற்கவே நிற்காத சாலை. நேற்று பீளமேட்டில் ஒரு அம்மா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணை ஒட்டி நடுச்சாலையில் நின்றிருந்தார், பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம், ஒரு லாரி போனால் பின்னாலேயே நாலு பைக். கடைசியில் ஒரு ஆட்டோக்கார அண்ணன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, "போங்கம்மா, போங்க" என்று கையைக் காட்டினார். அவர் வராமல் இருந்திருந்தால்?

சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கினார்கள், சாயங்காலம் போய்ப் பாருங்கள், தாத்தா பாட்டியெல்லாம் பயமில்லாமல் நடக்கிறார்கள். இங்கே அவ்வளவுகூட உடனே கேட்கவில்லை. ஹோப் காலேஜ், பீளமேடு, லட்சுமி மில்ஸ், இந்த மூன்று இடத்திலாவது நடக்கிறவர்களுக்கென்று அரை நிமிடம் சிவப்பு விளக்கு போடுங்கள். நடைபாதை, நிழல், மரம் எல்லாம் அப்புறம் பேசலாம்.