கரண்டி நிற்கும் சூப்பும் பணியாரச் சட்டியும்

போன கோடையில் சென்னையிலிருந்து தோழி ஒருத்தி குடும்பத்தோடு வந்திருந்தாள். "உங்க ஊர் சாப்பாடு எதுடி? அதைத்தான் சாப்பிடணும்" என்றாள். நெதர்லாந்தில், லைடன் ஊரில், நான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். கால் மணி நேரம் யோசித்துவிட்டு அவர்களை ஒரு பீட்சாக் கடைக்கு அழைத்துப் போனேன். ரயில் ஏறும்போது அவள் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

இந்த ஜூனில் தூத்துக்குடியிலிருந்து அண்ணனும் அண்ணியும் வருவதாகச் சொன்னதும் ஒரு நோட்டுப் போட்டேன். அதற்குள் டச்சுச் சாப்பாட்டை வீட்டில் செய்து பார்ப்பது, வெளியே எது எங்கே நன்றாக இருக்கும் என்று தேடித் தின்பது. வீட்டில் மாடும் பன்றியும் சமைப்பதில்லை, கோழியும் மீனும்தான். அதனால் சில இடங்களில் மாற்றிச் செய்ய வேண்டியிருந்தது. நோட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

அக்டோபர் 3

தொடங்க இதைவிட நல்ல நாள் லைடனில் கிடையாது. 1574-ல் இதே நாளில்தான் ஸ்பெயின் படையின் முற்றுகை விலகியது. அணைகளை உடைத்து வயல்களில் தண்ணீரை விட்டார்கள், படை ஓடிவிட்டது. எதிரிகள் விட்டுப்போன முகாமில் ஒரு பையன் காய்கறிக் குழம்புப் பானையைக் கண்டெடுத்தான் என்பது கதை. அதன் நினைவாக ஊரே ஹுட்ஸ்போட் சாப்பிடுகிறது. உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் மூன்றையும் வேகவைத்து மசிப்பது, அவ்வளவுதான். அந்தப் பானையில் உருளைக்கிழங்கு இருந்திருக்காது, அது அப்போது இந்தப் பக்கத்துச் சமையலுக்கே வரவில்லை. பார்ஸ்னிப் கிழங்காக இருந்திருக்கும் என்கிறார்கள். காலையில் பழைய எடை மண்டபத்தில் ஹாரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் கொடுப்பார்கள். முற்றுகை முடிந்ததும் படகில் வந்த முதல் சாப்பாடு அதுதானாம்.

வீட்டில் செய்தேன். ஒரு கிலோ கேரட், ஒரு கிலோ உருளை, நான்கு வெங்காயம். பசை. சுவரொட்டி ஒட்டலாம், அப்படி ஒரு பசை. மாடியில் குடியிருக்கும் பாட்டியம்மா எட்டிப் பார்த்து, குப்பையில் கிடந்த உருளைக்கிழங்குப் பையை எடுத்துக் காட்டினார். இங்கே பையிலேயே எழுதியிருக்கும்: மாவாக உதிர்வது ஒரு வகை, வெந்தாலும் குழையாதது இன்னொரு வகை. நான் வாங்கியது இரண்டாவது வகை. அதை மிக்சியில் வேறு போட்டிருந்தேன். கையால் மசிக்கும் மத்து வாங்கு என்றார். நான்கு வருடமாக இந்தப் பைகளைத் தூக்கி வருகிறேன், ஒருநாளும் அந்த எழுத்தைப் படித்ததில்லை.

அடுத்த ஞாயிறு சரியான கிழங்கோடு மறுபடி செய்தேன். ஜாதிக்காயைக் கொஞ்சம் துருவிப் போட்டதும் ஆளே மாறிவிட்டது.

நவம்பர்

குளிர் வந்தால் ஸ்நெர்ட். பச்சைப் பட்டாணிப் பருப்பில் செய்யும் கெட்டி சூப். நடுவில் கரண்டியை நட்டால் சாயாமல் நிற்க வேண்டும், அதுதான் பரீட்சை.

பருப்பு என்றதும் எனக்கு ஒரு மிதப்பு. நமக்குத் தெரியாத பருப்பா? அரைக் கிலோ பருப்பு, இரண்டு லிட்டர் தண்ணீர், செலரிக் கிழங்கு, லீக்ஸ், கேரட், ஒரு உருளை. குக்கரில் ஐந்து விசில். திறந்தால் சாம்பார். கரண்டி நேராக அடிக்குப் போய்விட்டது. குக்கரில் தண்ணீர் வற்றாது என்பது அப்புறம்தான் உறைத்தது. இரண்டாம் முறை திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு போன் வந்தது, அடி பிடித்தது. பட்டாணி அடி பிடித்தால் அந்த வாசம் பாத்திரம் முழுக்க ஏறும், மேலாக எடுத்தாலும் தப்பிக்க முடியாது.

மூன்றாம் முறை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கிளறினேன். இறக்கியதும் தளர்வாகத்தான் இருந்தது. பாட்டியம்மா ருசிகூடப் பார்க்கவில்லை. "இன்று தொடாதே, நாளை சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் பாத்திரத்தைத் திறந்தால் கத்தியால் வெட்டலாம். கரண்டி நின்றது. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "களி கிண்டினியா?" என்று பதில் வந்தது.

இதில் ரோக்வோர்ஸ்ட் என்ற புகையூட்டிய சாசேஜை வட்டம் வட்டமாக வெட்டிப் போடுவார்கள். வழக்கமாகப் பன்றி இறைச்சி. சூப்பர் மார்க்கெட்டில் வான்கோழியிலும் கிடைக்கிறது, சைவத்திலும் கிடைக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் போடக்கூடாது, தோல் வெடித்துச் சாறெல்லாம் போய்விடும். அடுப்பை அணைத்த வெந்நீரில் இருபது நிமிடம் கிடந்தால் போதும். இதுவும் ஒன்றை வெடிக்கவிட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

டிசம்பர், ஜனவரி

கேல் கீரையை உருளையோடு மசிக்கும் ஸ்டாம்போட்டை இரண்டாம் முறையிலேயே பிடித்துவிட்டேன். கீரை மேல் பனி விழுந்த பிறகு வாங்கினால் இனிப்பாக இருக்கும் என்பார்கள், குளிரில் செடி சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மசித்ததைத் தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து குழம்பு ஊற்ற வேண்டும். ரசத்துக்குச் சோற்றில் குழி பறிப்போமே, அதே கை.

வருடக் கடைசி இரவுக்கு ஒலிபோலன். ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த மாவில் உலர்திராட்சை சேர்த்துப் பொரித்தெடுப்பது. போண்டா போடத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

என்னைப் படுத்தியெடுத்தது பிட்டர்பாலன். காபிக் கடை, மதுக்கடை எங்கே போனாலும் மாலையில் மேசைக்கு வரும் சின்ன உருண்டை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கொதிக்கும் கூழ், தொட்டுக்கொள்ள கடுகு விழுது. பேரில் இருக்கும் 'பிட்டர்' அதன் ருசி இல்லை, அந்தக் காலத்தில் அதோடு குடித்த கசப்பு மதுவின் பெயர். கடையில் மாட்டிறைச்சி அல்லது கன்றிறைச்சியில் செய்வார்கள். நான் கோழியில் செய்தேன்.

செய்முறை எளிதுதான். 70 கிராம் வெண்ணெயில் 85 கிராம் மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, அரை லிட்டர் கோழிச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, பிய்த்த கோழி, பார்ஸ்லி, ஜாதிக்காய் சேர்த்து ஆறவைக்க வேண்டும். அப்புறம் உருட்டி, மாவு, முட்டை, ரொட்டித்தூள் என்று புரட்டிப் பொரிக்க வேண்டும்.

முதல் முறை இரண்டு மணி நேரம்தான் ஃப்ரிட்ஜில் வைத்தேன். உருட்டவே வரவில்லை, கையெல்லாம் கூழ். எண்ணெயில் போட்டதும் ஒவ்வொன்றாக வெடித்தது. இரண்டாம் முறை ஒரு ராத்திரி முழுக்க வைத்தேன். நன்றாக உருண்டது, பாதி வெடித்தது. ஒருமுறை மட்டும் ரொட்டித்தூளில் புரட்டியதுதான் தப்பு. எங்காவது ஊசி முனையளவு இடைவெளி இருந்தாலும் கூழ் அதைத் தேடிப் பிடித்து வெளியே வந்துவிடும். மூன்றாம் முறை ஊறவைத்த ஜெலட்டின் தாள் இரண்டு, முட்டையும் தூளுமாக இரண்டு சுற்று, பொரிப்பதற்கு முன் மறுபடி ஒரு மணி நேரம் குளிர், எண்ணெய் 180 டிகிரி, ஒரு தடவைக்கு ஆறு மட்டும். இருபத்து நான்கில் இரண்டே இரண்டுதான் வெடித்தன. அந்த மகிழ்ச்சியில் ஒன்றை முழுதாக வாயில் போட்டு இரண்டு நாள் நாக்கில் ருசி தெரியாமல் திரிந்தேன். கடித்துத் துளை போட்டு ஆவியை விட்டுவிட்டுத்தான் தின்ன வேண்டும்.

ஜாதிக்காய் பற்றி ஒரு வார்த்தை. டச்சுச் சமையல் சப்பென்று இருக்கும் என்று நம்மவர்கள் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னவள்தான். ஆனால் காலிஃபிளவரில் ஜாதிக்காய், லைடன் சீஸில் சீரகம், ஃப்ரீஸ்லாந்து சீஸில் கிராம்பு, ஸ்பெகுலாஸ் பிஸ்கட்டில் பட்டையும் ஏலமும். இதெல்லாம் சும்மா வந்து சேர்ந்ததில்லை. ஜாதிக்காய்க்காக 1621-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸ்சோன் கூன் இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பாண்டா தீவுகளைப் பிடித்தபோது, அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், அடிமைகளாக்கப்பட்டார்கள், அல்லது தப்பி ஓடினார்கள். துருவும்போது அது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

மார்ச்

வீட்டுச் சமையலுக்கு ஓய்வு கொடுத்து வெளியே சாப்பிட்டுப் பார்த்த மாதம். எனக்குப் புரிந்தது இதுதான்: டச்சுச் சாப்பாடு வீட்டுக்குள் இருக்கிறது, தெருவில் இருக்கிறது. நடுவில் உள்ள ரெஸ்டாரண்டில் குறைவு. மேசை விரிப்பு போட்ட இடத்தில் ஸ்டாம்போட் தேடினால் கண்ணில் படுவது கஷ்டம். மீன் வண்டி, எண்ணெயில் பொரித்த தீனி விற்கும் பொரியல் கடை, பான்கேக் கடை, சந்தை, அப்புறம் மரச்சுவர் கறுத்துப்போன பழைய கஃபேக்கள். தேட வேண்டிய இடம் இவைதான்.

இன்னொன்று, தங்கள் பழைய காலனிகளான இந்தோனேசியா, தென்னமெரிக்காவின் சுரினாம் இரண்டின் சாப்பாட்டையும் இவர்கள் வெளிநாட்டுச் சமையல் என்றே நினைப்பதில்லை. ஹேக் நகரில் ரைஸ்டாஃபல் சாப்பிட்டோம். ஒரு சோற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து சின்னக் கிண்ணங்கள், காலனிக் காலத்துத் துரைகள் பழக்கிய விருந்து. சுரினாம் கடையில் ரொட்டி. உள்ளே பருப்புத்தூள் வைத்த ரொட்டி, கோழிக் கறி, உருளை, நீளப் பயற்றங்காய், அவித்த முட்டை. 1873-ல் லல்லா ரூக் கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன வட இந்தியர்களின் சமையல் அது. 1975-ல் சுரினாம் விடுதலை அடைந்ததை ஒட்டி அந்த நாட்டுக்காரர்கள் பெருவாரியாக இங்கே வந்தபோது கூடவே வந்தது. கறி என்று எதிர்பார்த்துப் போனால் நம் ருசி இல்லை, ஆனாலும் கையால் தின்ன ஒரு இடம் கிடைத்ததே!

ஏப்ரல்

பொஃபர்ச்சஸ். சந்தையில் குழி குழியான பெரிய இரும்புக் கல்லில் ஊற்றி, முள்கரண்டியால் சுழற்றித் திருப்பி, வெண்ணெய்க் கட்டியும் சர்க்கரைத் தூளும் போட்டுத் தரும் குட்டி அப்பம். இதற்கென்று கல் வாங்கப் போய், விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்புறம்தான் அலமாரி மேலே அம்மா கொடுத்துவிட்ட பணியாரச் சட்டி ஞாபகம் வந்தது.

தானியம் போலப் பயன்படும் பக்வீட் விதையின் மாவும் மைதாவும் சம அளவு, 125 கிராம் வீதம். வெதுவெதுப்பான பால் 300 மில்லி, ஒரு முட்டை, உப்பு, ஒரு ஸ்பூன் ஈஸ்ட். ஒரு மணி நேரம் மூடி வைத்தால் நுரைத்துக்கொண்டு வரும். பழக்கதோஷத்தில் குழி நிறைய ஊற்றினேன். வெளியே கருகி உள்ளே பச்சை மாவு. பொஃபர்ச்சஸ் கல்லின் குழி மேலாக இருக்கும், பணியாரச் சட்டிக் குழி ஆழம். பாதிக்கும் கீழே ஊற்றி, அனலைக் குறைத்து, மேலே துளைகள் விழுந்ததும் திருப்பினால் சரியாக வருகிறது. பக்வீட் இல்லாமல் வெறும் மைதாவில் செய்தால் கேக் மாதிரிதான் இருக்கிறது, அந்த மண்வாசனை வராது.

மே மாதம் வெள்ளை அஸ்பாரகஸ். ஊரே கொண்டாடுகிறது. ஜூன் 24-க்குப் பிறகு வெட்ட மாட்டார்கள். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை, நகர்ந்துவிட்டேன்.

ஜூன்

அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். முதல் நாளே ஊர் சுற்றிவிட்டு இரவு ஒன்பதரைக்கு ஒரு ரெஸ்டாரண்டுக்குள் நுழைந்தோம். சமையலறை மூடியாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். இங்கே ஆறு மணிக்குச் சாப்பிட உட்காருவார்கள், ஒன்பதுக்கெல்லாம் அடுப்பு அணைந்துவிடும். இத்தனை வருடம் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. சுவரில் கண்ணாடிக் கதவு போட்டு, இறைச்சிக் கூழ் வைத்துப் பொரித்த குரோகெட்டைச் சூடாக விற்கும் கடைதான் காப்பாற்றியது. காசு போட்டால் கதவு திறக்கும், இப்போது கார்டும் போடலாம். சைவம் மட்டும் சாப்பிடும் அண்ணிக்குச் சீஸ் வைத்துப் பொரித்த காஸ்சூஃப்ளே. சைவக்காரர்கள் பொரியல் கடைகளில் இதைக் கேட்கலாம், ஆனால் இறைச்சி பொரித்த அதே எண்ணெயா, சீஸ் எதில் செய்தது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். "துட்டு நான் தாரேன்" என்று அண்ணன் பையைத் துழாவினான். அந்தத் துட்டே டச்சுக்காரர்களின் டௌட் காசிலிருந்து வந்த சொல்தான் என்றேன். எங்கள் தூத்துக்குடி 1658-லிருந்து அவர்கள் கையில் இருந்த ஊராயிற்றே.

மற்றபடி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவை: மதியம் என்றால் ரொட்டிதான், சூடாக வேண்டுமென்றால் ரொட்டி மேல் முட்டை பொரித்துப் போட்ட அவுட்ஸ்மைட்டர் கேட்கவும். குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவும், இல்லாவிட்டால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்கும், திருப்தியாக இருந்தால் மேலே கொஞ்சம் வைத்தால் போதும். கார்னமெல்க் என்பது மோர். அண்ணன் அதில் உப்புப் போட்டுக் குடித்ததை மேசைக்காரப் பெண் நின்று பார்த்தாள்.

நான் ஒன்பது மாதம் காத்திருந்தது மீன் வண்டிக்காக. ஜூன் நடுவில் புது ஹாரிங் வரும். கொழுப்பு 16 சதவீதமாவது இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். செவுளும் குடலும் நீக்கி, கணையத்தை மட்டும் உள்ளேயே விட்டு உப்பில் போடுவார்கள். அந்தச் சுரப்புதான் மீனைப் பக்குவப்படுத்துகிறது. புழு பயம் வேண்டாம், உறையவைத்த பிறகே விற்க வேண்டும் என்பது சட்டம். வாலைப் பிடித்து அண்ணாந்து தின்னலாம், இல்லாவிட்டால் வெட்டித் தரச்சொல்லி வெங்காயத்தோடு தின்னலாம்.

"பச்ச மீனுல்லா இது" என்று அண்ணன் தயங்கினான். நம்ம சாளையின் சொந்தக்காரன்தான் என்றேன். ஒரு துண்டு எடுத்தான். பேசவில்லை. இன்னொரு துண்டு. அப்புறம் எனக்கு வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டு, "வெங்காயம் இன்னும் கொஞ்சம் கேளு" என்றான். அண்ணி பத்தடி தள்ளி நின்று, நடுவில் பாகு வைத்த ஸ்ட்ரோப்வாஃபல் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

ஊருக்குப் போகும்போது அண்ணி ஒரு பாக்கெட் பக்வீட் மாவு கொண்டுபோனாள். போன வாரம் போட்டோ வந்தது. மாவு தீர்ந்துவிட்டதாம், கம்பு மாவில் ஊற்றியிருக்கிறாள். வெண்ணெயும் சர்க்கரையும் இல்லை, மேலே கருப்பட்டிப் பாகு. இங்கே பான்கேக் மேல் ஊற்றும் கரும்பழுப்புப் பாகின் நிறமேதான். கம்பு மாவு எனக்கு எங்கே கிடைக்கும் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.