முதலில் ரைஃபிளா, பிஸ்டலா?

ரூகர் 10/22 ரைஃபிள் 1964 முதல் விற்பனையில் இருக்கிறது. சிறிய .22 ரிம்ஃபயர் தோட்டா (அடிப்பகுதியின் விளிம்பில் அடித்தால் வெடிக்கும் வகை), தோளில் உறைக்காத உதைப்பு, கழற்றி மாட்ட ஏராளமான உதிரிப் பாகங்கள். அந்தப் பாகங்களைக் கொண்டே ஒரு பிஸ்டல் அமைக்க ஆசைப்பட்டேன். கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் அமெரிக்கச் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியின் உருவத்தோடு அதன் பூர்விகத்தையும் விசாரிக்கிறது. ஒரு ரிசீவர், அதாவது குழலும் பிடியும் பொருந்தும் நடு உடல், ரைஃபிளாக விற்கப்பட்டிருந்தால், அதில் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலை மாட்டக் கூடாது. மொத்த நீளமும் 26 அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. தோள்கட்டையை எறிந்துவிட்டுப் பிஸ்டல் பிடியைப் பொருத்தினாலும் அது ரைஃபிளிலிருந்து செய்த ஆயுதம்தான். பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை. ரைஃபிளாக ஒருநாளும் இருந்திராத புது ரிசீவரில் அதே குழலையும் அதே பிடியையும் மாட்டினால் அது சட்டப்படி பிஸ்டல். இரண்டையும் மேசையில் வைத்தால் பெற்ற தாய்க்கும் வேறுபாடு தெரியாது.

பிஸ்டலாகத் தொடங்கியதற்குச் சலுகை உண்டு. அதை ரைஃபிளாக்கி மறுபடியும் பிஸ்டலாக்கலாம் என்று துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் 2011இல் விளக்கம் அளித்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் தாம்ப்சன்/சென்டர் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் வழக்கில் அளித்த தீர்ப்புதான் அதற்கு அடிப்படை. மாற்றும் வரிசையில்தான் கவனம் தேவை: குட்டைக் குழல் இருக்கும்போது தோள்கட்டை ஒரு நிமிடம்கூட அதில் இருக்கக் கூடாது. பிஸ்டலின் முன்புறம் செங்குத்தான இரண்டாவது கைப்பிடியை மாட்டினாலும் சிக்கல்; அது வேறொரு பதிவுப் பிரிவுக்குள் போய்விடும்.

இந்தக் குழப்பத்தின் வேர் 1934இல் இருக்கிறது. அந்த ஆண்டின் மசோதா முதலில் கைத்துப்பாக்கிகளையும் பதிவுக்குள் கொண்டுவரப் பார்த்தது. ரைஃபிளை வெட்டிக் கைத்துப்பாக்கியாக்கி யாரும் தப்பக் கூடாது என்று குட்டை ரைஃபிளையும் சேர்த்தார்கள். பிறகு கைத்துப்பாக்கியை நீக்கிவிட்டார்கள். குட்டை ரைஃபிள் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. எனக்கு இது அசட்டுத்தனமாகவே படுகிறது. அன்று விதித்த 200 டாலர் வரி, குட்டை ரைஃபிளுக்கு 2026 தொடக்கத்திலிருந்து பூஜ்யம். ஆனால் விண்ணப்பம், கைரேகை, முன் அனுமதி எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அதனால் புது ரிசீவர் ஒன்றை வாங்கினேன். கடைப் படிவத்தில் அது ரைஃபிளாகவும் இல்லை, பிஸ்டலாகவும் இல்லை. 'மற்றவை' என்று பதிவானது. ரசீதைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பனும் இதேபோல் செய்யலாமா என்று கேட்டான். அங்கே தாக்குதல் ஆயுதத் தடையின் ரைஃபிள் பிரிவு சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் அடிக்கும்) வகையை மட்டும் குறிப்பிடுகிறது; பிஸ்டல் பிரிவில் ரிம்ஃபயருக்கு விலக்கு இல்லை. கழற்றக்கூடிய மேகசின் (தோட்டாப் பெட்டி) கைப்பிடிக்கு வெளியே இருந்தாலே தடைக்குள் வந்துவிடும். 10/22 அமைப்பில் மேகசின் அங்கேதான் இருக்கிறது. உன்னுடையதை ரைஃபிளாகவே விட்டுவிடு என்று சொல்லிவிட்டேன்.