தலை எண்ணும் வேலை

சிறையிலிருந்து ஒருவர் தப்பிவிட்டார் என்ற செய்தி வந்ததும் வெளியில் இருப்பவர்கள் மதிலின் உயரத்தைப் பற்றிப் பேசுவார்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் கேட்பது வேறு. கடைசியாகத் தலை எண்ணியது எத்தனை மணிக்கு? எண்ணியவர் நிஜமாகவே அறைக்குள் பார்த்தாரா?

1962 ஜூன் 11 இரவு அல்கட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து ஃபிராங்க் மோரிஸும் ஆங்கிலின் சகோதரர்கள் இருவரும் போனார்கள். கிடைத்ததைக் குழைத்துச் செய்து, தோல் நிறம் பூசி, நிஜ முடி ஒட்டிய தலைகளைப் படுக்கையில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு காவலர்கள் எண்ணியது அந்தத் தலைகளைத்தான். 53 ஆண்டுகள் கழித்து, 2015 ஜூன் 6 அதிகாலையில், நியூயார்க் மாநிலத்தின் கிளின்டன் சிறையில் ரிச்சர்ட் மாட், டேவிட் ஸ்வெட் இருவரின் படுக்கையிலும் போர்வைக்குள் பொம்மைகள் இருந்தன. அவர்கள் தப்பியது காலை 5:30 கணக்கெடுப்பில்தான் தெரிய வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் கேமரா வந்தது, கணினி வந்தது. போர்வை மட்டும் அப்படியே இருந்தது.

அதைவிடக் கசப்பான விஷயம் மாநிலத் தலைமை ஆய்வாளர் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. தப்பிய இரவுக்கு முன்பே ஸ்வெட் ஏறத்தாழ 85 இரவுகள் அறையின் பின்சுவரில் வெட்டிய ஓட்டை வழியாக வெளியேறி, குழாய்கள் ஓடும் நடைபாதையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஒவ்வொரு இரவும் பதிவேட்டில் அவர் அறையில் இருந்தார்.

இரவுக் கணக்கெடுப்புக்கு விதி எளிமையானது. உயிருள்ள உடலைப் பார்க்க வேண்டும்: தோல் தெரிய வேண்டும், அல்லது மூச்சில் மார்பு அசைவது தெரிய வேண்டும். இரண்டும் தெரியாவிட்டால் விளக்கை அடி, கம்பியைத் தட்டு, எழுப்பு. கைதி திட்டுவார், புகார் மனுகூட எழுதுவார். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பிளாக்கில் நூறு பேர், இரவில் ஐந்தாறு முறை என்றால், ஒவ்வொரு முறையும் பத்துப் பேரையாவது எழுப்ப வேண்டியிருக்கும். எழுப்பினால் சத்தம், சத்தத்துக்குப் பிறகு சண்டை, சண்டைக்குப் பிறகு அறிக்கை. எழுப்பாத காவலருக்கு அமைதியான இரவு. மேலதிகாரிக்கும் அவர்மேல் நல்ல அபிப்பிராயம். விதியை மீறியவருக்கு உடனடிப் பலன், பின்பற்றியவருக்கு உடனடித் தொல்லை என்று இருக்கும்போது, எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் ஆறே மாதத்தில் போர்வையை எண்ணும் பழக்கம் திரும்பிவிடும்.

அடுத்த படி, எழுந்து போகாமலேயே எண்ணுவது. நியூயார்க் நகரில் இருந்த மத்திய அரசுச் சிறை ஒன்றில் 2019 ஆகஸ்ட் 10 காலை, பாலியல் குற்ற வழக்கில் கைதாகியிருந்த செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் இறந்து கிடந்தார். முந்தைய இரவு அவர் தனியாக இருந்தார். அவருடன் இன்னொரு கைதி இருக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் இருந்தும், உடனிருந்தவர் மாற்றப்பட்ட பிறகு புதிதாக யாரையும் போடவில்லை. அரை மணிக்கு ஒரு முறை நடக்க வேண்டிய ரோந்து நடக்கவில்லை. இரவுக் கணக்கெடுப்புகள் எடுக்கப்படாமலேயே எடுத்ததாகக் கையெழுத்தாயின. காவலர் மேசைக்கும் அவர் அறைக்கும் இடையே ஏறக்குறைய 15 அடிதான். பணியில் இருந்த இருவரும் கூடுதல் நேரப் பணியில் இருந்தவர்கள். கேமராக்களில் பல படம் காட்டின, ஆனால் பதிவுக் கருவி பழுதானதால் எதையும் சேமிக்கவில்லை. திரையில் படம் ஓடினால் பதிவும் ஆகிறது என்று நம்புவது மிகச் சாதாரணமான தவறு. வாரம் ஒரு முறை ஏதாவது ஒரு கேமராவின் மூன்று நாள் பழைய பத்து நிமிடத்தை எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னால் அந்தத் தவறு வெளிப்பட்டுவிடும். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

பொய்யான பதிவேட்டைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. நேரங்கள் 12:00, 1:00, 2:00 என்று அச்சடித்ததுபோல் இருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் எழுதியது. நடந்து எழுதியது 12:04, 1:11 என்றுதான் வரும். இரவு முழுக்க ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு என்றால் விடியற்காலையில் ஒரே மூச்சில் நிரப்பியது. சுவரில் பொத்தானைத் தொட்டால் நேரம் பதிவாகும் கருவிகள் இதைத் தீர்க்கும் என்பார்கள். காவலர் பொத்தான் வரை நடந்தார் என்பதைத்தான் அவை நிரூபிக்கும். வழியில் இருந்த அறைகளுக்குள் திரும்பிப் பார்த்தாரா என்று அவற்றுக்குத் தெரியாது.

அறைச் சோதனையும் இதே கதிதான். கம்பிகளை ரப்பர் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். முழுக் கம்பி கணீரென்று ஒலிக்கும், அறுத்த கம்பி மொத்தையாக ஒலிக்கும். அறுத்த கோட்டை சோப்பும் பெயின்ட்டும் வைத்து அடைத்திருப்பார்கள் என்பதால் கண்ணை நம்பாமல் கட்டைவிரலை ஓட்ட வேண்டும். கட்டிலை இழுத்துப் போட்டுப் பின்சுவரைப் பார்க்க வேண்டும். நன்னடத்தைப் பிளாக் என்றால் இதெல்லாம் தளர்ந்துவிடுகிறது. கிளின்டனில் அந்த இருவரும் இருந்தது நன்னடத்தைப் பிளாக்கில்தான்.

இனி வாசல். அந்தச் சிறையின் தையல் கூடத்தில் கைதிகளை மேற்பார்த்த ஊழியர் ஒருவர் ரம்பப் பிளேடுகளை உறைந்த மாட்டிறைச்சிக்குள் வைத்துக் கொடுத்தார். இன்னொரு காவலர் அந்தப் பொட்டலத்தைக் கண்டறி கருவியைச் சுற்றிக்கொண்டு போய்க் கைதியிடம் சேர்த்தார். உள்ளே பிளேடு இருந்தது தனக்குத் தெரியாது என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். கருவி இருப்பதே அப்படித் தெரியாதவருக்காகத்தான். ஊழியர்களைச் சோதிக்கும் விதி எழுத்தில் உண்டு. அது நிலைப்பது ஒரே வழியில்: கண்காணிப்பாளரே தினமும் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வருவது. இருபது வருடம் கூட வேலை செய்தவரின் சாப்பாட்டுப் பையைத் திறக்கச் சொல்லும் கூச்சம் வாசல் காவலருக்கு வராமல் இருக்க வேறு மருந்து இல்லை.

அந்தக் காவலரும் முதல் நாளே பொட்டலம் தூக்கவில்லை. மாட் ஓவியம் வரைபவர். படங்கள் கைமாறின, பதிலுக்குச் சாயம் உள்ளே வந்தது, பிறகு இடுக்கி, பிறகு பின் நடைபாதையில் இருந்த மின்பெட்டியில் வேலை செய்ய அனுமதி. பிளாக்கில் என்ன நடக்கிறது என்ற தகவலும் கிடைத்ததால் இது திறமையான கைதி நிர்வாகமாகவே தோன்றியிருக்கும். கைதிகள் ஊழியரை எடைபோடுவது இப்படித்தான்: விதியில் இல்லாத சின்ன உதவி ஒன்றைக் கேட்பார்கள், கிடைத்தால் அடுத்த வாரம் அதைவிடச் சற்றுப் பெரியது. மூன்றாவது உதவிக்குப் பிறகு முதலிரண்டும் மிரட்டலாக மாறும். அதனால், சிக்கிக்கொண்ட ஊழியர் தண்டனைக்குப் பயப்படாமல் முதல் உதவியைச் சொல்லிவிடக்கூடிய இடம் ஒன்று வேண்டும். முதல் தவறுக்கே வேலை போகும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த நான்கையும் செய்து முடித்துவிடுவார்கள்.

சாவிக்கும் கருவிக்கும் கணக்கு சற்று எளிது. சாவி வளையம் பற்றவைத்து மூடியதாக இருக்க வேண்டும், எத்தனை சாவி என்ற எண் வளையத்திலேயே தொங்க வேண்டும், எடுப்பவர் தன் எண் பொறித்த வில்லையைக் கொக்கியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். பட்டறைப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழல் வரைந்திருந்தால் காலி இடம் தூரத்திலிருந்தே தெரியும். கோட்டை விடுவது உடைந்த பொருளில்தான். பிளேடு உடைந்தால் இரண்டு துண்டும் வர வேண்டும். சேர்த்து வைத்து நீளம் அளக்காமல் புதியது கொடுத்தால், குறைந்த இரண்டு அங்குலம் எங்கோ ஒரு மெத்தைக்குள் இருக்கும்.

தையல் கூட ஊழியர் விஷயத்தில் எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. அவருக்கும் ஸ்வெட்டுக்கும் நெருக்கம் என்று முன்பே புகார் வந்திருந்தது. ஸ்வெட்டைக் கூடத்திலிருந்து மாற்றினார்கள். ஊழியர் அதே இடத்தில் தொடர்ந்தார், மாட் அவருக்குக் கீழேயே வேலை செய்துகொண்டிருந்தார்.