190 நானோமீட்டர் வளையங்கள்

மார்ச் 3, திங்கள்

எலி நியூரான்களுக்குச் சாயமேற்றும் வேலை. செல்லுக்கு எலும்புக்கூடு மாதிரியான ஆக்டின் புரத இழைகளைப் பிடிக்க ஃபாலாய்டின், அதோடு ஒட்டிய அலெக்ஸா 647 என்ற ஒளிரும் சாயம். ஃபாலாய்டின் விஷக் காளானிலிருந்து வந்த சரக்கு. மிகச் சின்னது, ஆக்டினை ஒட்டியே உட்காரும். ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் பெரிய புரதம்) என்றால் கதை வேறு: ஒன்றின் மேல் இன்னொன்று ஏற்றியதும் 25 நானோமீட்டர் தடிமனுள்ள மைக்ரோடியூபுல் (செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்) படத்தில் 60 வரை உப்பிவிடும். எல்லாரும் கருவியின் துல்லியத்தையே பேசுகிறார்கள், சாயத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. இது என் நெடுநாள் புலம்பல்.

மார்ச் 4, செவ்வாய்

சாதாரண ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் நியூரானின் நீண்ட வாலான ஆக்ஸான் முழுக்க ஒரே மெழுகலாகத் தெரிகிறது. எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே சொல்லிவிட்டார்: ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியைவிட நெருங்கிய புள்ளிகளை லென்சால் பிரித்துக் காட்ட முடியாது. நான் பார்க்கும் சிவப்பொளிக்கு அது 250 நானோமீட்டர் பக்கம். ஆக்ஸானின் ஆக்டின் வளையங்களோ 180–190 நானோமீட்டருக்கு ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. வரம்புக்குக் கொஞ்சம்தான் உள்ளே! 2013இல் ஷியாவ்வெய் ஜுவாங்கின் குழு ஸ்டார்ம் (STORM, சாய மூலக்கூறுகளைத் தனித்தனியாகச் சிமிட்டவைத்துப் படமெடுப்பது) முறையில் பார்த்தபோதுதான் அவை வெளியே வந்தன.

மார்ச் 6, வியாழன்

ஆக்ஸிஜனைத் தின்னும் நொதிகள், மூக்கைத் துளைக்கும் தயோல் என்ற கந்தகச் சேர்மம், குளுக்கோஸ். இதுதான் ஸ்டார்முக்கான கரைசல். லேசரை முழுதாகத் திறந்ததும் எல்லாச் சாயமும் ஒருசேர எரிந்து அணைந்தது. அப்புறம் இங்கொன்று அங்கொன்றாகக் கண்சிமிட்டல். அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் ஒளிராவிட்டால் போதும், ஒவ்வொரு மங்கல் புள்ளிக்கும் நடு எது என்று கணித்துவிடலாம். நாலு மடங்கு ஒளித்துகள் கிடைத்தால் பிழை பாதியாகக் குறையும். இப்படி ஆயிரக்கணக்கான பிரேம்கள் எடுக்க வேண்டும். அதற்குள் குளுக்கோஸ் அமிலமாகி கரைசல் கெட ஆரம்பிக்கும், ஃபாலாய்டினும் மெல்லக் கழன்றுகொண்டிருக்கும். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன்.

கருவி ஓடும்போது நினைத்துக்கொண்டேன்: எரிக் பெட்சிக்கும் ஹரால்ட் ஹெஸ்ஸும் இதே கொள்கையில் இயங்கும் பாம் (PALM) என்ற மைக்ரோஸ்கோப் கருவியை ஹெஸ்ஸின் வீட்டு ஹாலில் வைத்துத்தான் கட்டினார்கள். 2014 வேதியியல் நோபலைப் பெட்சிக்கும் ஸ்டெஃபான் ஹெல்லும் மோர்னரும் பகிர்ந்துகொண்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

மைக்ரோஸ்கோப்பின் மேடை நகர்ந்ததை, அடையாளத்துக்குப் போட்ட நுண் தங்கமணிகளை வைத்துச் சரிசெய்தாயிற்று. வளையங்கள் வந்துவிட்டன, ஏணிப்படி மாதிரி. ஒரு ஆக்ஸானில் மட்டும் நடுவே வெறுமை.

“அக்கா, இங்க வளையம் உடைஞ்சிருக்கு பாருங்க,” என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண்.

“உடைஞ்சது செல்லா, சாயமா?” என்றேன்.

திரையில் இருப்பது சிமிட்டிய மூலக்கூறுகளின் இடப் பட்டியல். சிமிட்டாதது அதில் வராது. 20 நானோமீட்டர் விவரம் வேண்டுமென்றால் 10 நானோமீட்டருக்கு ஒரு சாயமாவது ஒட்டியிருக்க வேண்டும். கழன்ற ஃபாலாய்டினை வைத்துக்கொண்டு நரம்பு சிதைந்தது என்று எழுதுவது அநியாயம்.

திங்களன்று வளையங்களை இணைக்கும் பீட்டா-2 ஸ்பெக்ட்ரின் புரதத்தின் ஒரு நுனிக்கும் (சி-முனை), ஆன்டிபாடி வழியாக, சாயமேற்றப் போகிறோம். அந்த முனை இரண்டு வளையங்களுக்கு நடுவில் வரும். வெறுமையான இடத்திலும் அது 190 நானோமீட்டருக்கு ஒன்றாக வரிசை தப்பாமல் இருந்தால் பழி சாயத்தின் மேல்தான். ஆன்டிபாடி கொஞ்சம் உப்பினாலும் பரவாயில்லை, எனக்கு வேண்டியது இடைவெளி மட்டும்தான்.